குகன் அரசருக்குச் சத்தியம் செய்த நாள்

காலை எட்டரைக்கு லண்டனின் செவன் கிங்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கியபோது கால்கள் மரத்திருந்தன. சென்னையிலிருந்து பதினொரு மணி நேர விமானம். ஹீத்ரோவிலிருந்து இன்னும் ஒன்றரை மணி நேரம். மதுரையில் பிளஸ் டூவுக்கு வரலாறு நடத்துகிறவன் நான். பிரெஞ்சுப் புரட்சிக்கு விதை போட்ட தத்துவவாதிகளின் பழைய பதிப்புகளை ஓர் அருங்காட்சியகத்தில் பார்க்க வந்தேன். முதலில் தூங்க வேண்டும்.

தூங்க முடியவில்லை. தங்கவிருந்த வீட்டில், நண்பரின் மைத்துனர் குகன் கோட்டும் டையுமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு. அவர் மனைவி வதனி தேநீரோடு விஷயத்தையும் சொன்னார்.

“பதினொரு மணிக்கு இவருக்குக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். போன மாசம் வாசல் மட்டும் போயிட்டுத் திரும்பி வந்திட்டார். இண்டைக்கும் விட்டால் முதலில இருந்து விண்ணப்பிக்க வேணும். ஒருக்கா கூடப் போங்கோ மாஸ்டர்.”

பத்தேகாலுக்கு இருவரும் கவுன்சில் மண்டபம் இருக்கும் இல்ஃபோர்டுக்குப் பேருந்து ஏறினோம். ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதல், ஒன்றேமுக்கால் பவுண்டு கட்டணம். குகன் அகதியாகப் போய் இருபது ஆண்டுகள் பாரிஸ் சமையலறைகளில் உழைத்து, பிரெஞ்சுக் குடிமகனாகி, பிறகு லண்டன் வந்தவர்.

“நாடில்லாமல் போனவனுக்கு அந்தச் சனம் பாஸ்போர்ட் தந்தது. ராசாவின்ர தலையை வெட்டின சனம். இஞ்ச வந்து ராசாவுக்கு விசுவாசமா இருப்பன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

கண் சொக்கியது. வகுப்பில் சொல்வதையே சொன்னேன்.

“அந்தப் புரட்சிக்கு விதை போட்ட புத்தகங்களை ராஜாக்களும் படிச்சாங்க அண்ணே. பிரஷ்யாவுல சித்திரவதையை நிறுத்தினது ஒரு ராஜாதான். ஆஸ்திரியாவுல பண்ணையடிமைகளுக்கு விடுதலை கொடுத்ததும் ராஜாதான்.”

“ஓம், வாசிச்சவை. வாசிச்சுப்போட்டு ஆரும் சிம்மாசனக் கதிரையை விட்டு எழும்பினவையோ?”

இத்தனை வருடத்தில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி. பேச்சை மாற்றினேன்.

“அப்புறம் ஏன் விண்ணப்பிச்சீங்க?”

“பதினைஞ்சு வருசமா இஞ்ச வரி கட்டுறன் மாஸ்டர். பார்லிமென்ட் தேர்தலில எனக்கு வோட்டில்லை.”

பதினொன்றேகால். கவுன்சில் மண்டபத்தில் முப்பது பேர் எழுந்து நின்று, அதிகாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். அரசரின் பெயர் வந்த இடத்தில் குகனின் உதடுகள் நின்றுவிட்டன. பக்கத்திலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். விருந்தினர் வரிசையில் என் தூக்கம் பறந்தது. எல்லாரும் முடித்த பிறகு, விட்ட வரியை அவர் தனியாக, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து டையைத் தளர்த்தினார்.

“சொல்லிப்போட்டன். இனி என்ர பேரும் வாக்காளர் பட்டியலில வரும்.”

அன்று நான் அருங்காட்சியகம் போகவில்லை. திரும்பும் பேருந்தில் அசதியோடு ஊரை நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வயதில் எனக்கு வாக்குரிமை வீடு தேடி வந்தது. எவருக்கும் சத்தியம் செய்யவில்லை. போன தேர்தலில், வெயில் கடுமை என்று வாக்குச்சாவடிக்கே போகாமல் இருந்துவிட்டேன்.