சில்வர் பேப்பரில் கட்டிய புளிச்சோறு

தேயிலைப் பெட்டிக்குள் சுற்றும் சில்வர் பேப்பரை வெட்டித் தரும் சின்னக் கம்பெனி ஒன்று கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருந்தது. குணசுந்தரிக்கு அங்கே வேலை. ஓரம் கிழிந்த தாள்களை மேஸ்திரி கொடுத்துவிடுவார். லாரியில் மூட்டை ஏற்றும் புருஷன் யேசுதாஸுக்கு அதில்தான் சோறு கட்டுவாள். இலையில் கட்டினால் எண்ணெய் கசிந்து சட்டையெல்லாம் பாழாகும்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு நாள் புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் செத்துப்போனான்.

சாவு வீட்டில் அவன் அக்கா சின்னப்பொண்ணு அந்தத் தாளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். புளி பட்ட இடமெல்லாம் ஊசி ஊசியாக ஓட்டை.

“ஈயத்தாளுடி இது. புளி தாளையே துன்னுட்டுது, அந்த ஈயம் சோத்துல எறங்கினா என் தம்பி கொடலை உட்டு வைக்குமா?”

கூடியிருந்தவர்கள் பார்த்தார்கள். எட்டு வயது மகள் கிரேஸும் பார்த்தாள்.

குணசுந்தரியே அதை நம்பித்தான் அவனைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனாள். அவர் உட்காரவைத்துச் சொன்னார்: “அது ஈயமே இல்லம்மா, அலுமினியம். புளிப்பு பட்டா அரிக்கும், ருசி கொஞ்சம் மாறும். அதுல ஆள் சாகமாட்டான். உன் வீட்டுக்காரருக்குக் குடல்ல ரொம்ப நாளா புண்ணு. அது ஓட்டையாயிடுச்சு.”

வலியை அவன் அவளிடம் சொன்னதே இல்லை.

நாத்தனாரிடம் ஓடினாள். “டாக்டரா சோறு கட்டிக் குடுத்தாரு?” என்று கேட்டுவிட்டு சின்னப்பொண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா கையால் சாப்பிடுவதையே கிரேஸ் நிறுத்திவிட்டாள். மண்சட்டியில் ஆக்கினாலும் தொடமாட்டாள். ஒருநாள் குணசுந்தரி புளிச்சோற்றை அதே தாளில் கட்டி, கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்து, மகள் கண்ணெதிரே சாப்பிட்டுக் காட்டினாள். பிள்ளை அவள் கையைப் பிடித்து இழுத்து அலறியது.

“துன்னாதம்மா. நீயும் செத்துப்பூடுவ.”

பிள்ளை எலும்பும் தோலுமாக ஆனபிறகு, ஆர்.கே.பேட்டையில் இருந்த நாத்தனார் வீட்டில் அவளே கொண்டுபோய் விட்டாள். அன்று மத்தியானம் அங்கே கிரேஸ் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த நிம்மதியோடு குணசுந்தரி அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

கிரேஸ் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது ஒரு லீவுக்கு வந்தாள்.

“அம்மா, ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சரைக் கேட்டேன். டாக்டர் சொன்னதுதான் நெசமாம். உம்மேல ஒரு தப்பும் இல்ல. சோறு போடும்மா.”

குணசுந்தரி புளியைத் தொடவே இல்லை. வெறும் பருப்புச் சோறுதான் பிசைந்து கொடுத்தாள். கிரேஸ் வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்க முடியவில்லை. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“தெரியுதும்மா. தொண்டைல எறங்க மாட்டேங்குது.”

“பரவால்ல கண்ணு. வுடு.”

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது, புதுவாயல் கூட்ரோட்டுக் கடையில் ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள். பசியில் மகள் அதை முழுசாகத் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தாள்.