கைகட்டி நின்ற குற்றம்

யாங்கோனில் வந்திறங்கிய இரண்டாம் நாள், பபேடான் பேட்டைப் பக்கம் போன டாக்சியை ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஓட்டுநர் கோ சோ, வண்டிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். முன் இருக்கையில் இருந்த நானோ, யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கி டாஷ்போர்டின் மேல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்த காவலர், "அங்கே என்ன மறைக்கிறீர்கள்?" என்று பர்மிய மொழியில் கேட்டார். "ஒன்றுமில்லை, சயா" என்று மரியாதையாகச் சொன்னேன். என் கைகளை எடுக்கச் சொல்லி, அடியில் தடவிப் பார்த்த பிறகுதான் நம்பினார். திரும்பி வந்த கோ சோ, கை வலிக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். முப்பத்தெட்டு வயதுவரை இந்த ஊரில் வாழ்ந்தவன் நான். அமெரிக்காவில் பன்னிரண்டு வருடம் கார் ஓட்டியதில், எனக்கு முன்னால் என் கைகள் குடியுரிமை மாற்றிக்கொண்டுவிட்டன.

என் தம்பி வேலுவின் கைகள் மாறவில்லை. நான்தான் அவனை அங்கே கூப்பிட்டுக்கொண்டேன். கோழி இறைச்சி வெட்டும் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தான். ஒரு சாயங்காலம் காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் அவனை நிறுத்தியது. அங்கே நிறுத்தினால் இருக்கையை விட்டு அசையக் கூடாது, இரண்டு கைகளும் வெளியே தெரிய வேண்டும். இவன் யாங்கோன்காரன், பெரிய மனிதரை நடக்க வைக்கலாமா என்று தானே இறங்கிப் போனான். போனவன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சயாமா முன்னால் நிற்பது போல மார்பில் கைகட்டி நின்றான். நமக்கு அது மரியாதை. அந்த அதிகாரிக்கு, ஒருவன் இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டு தன்னை நோக்கி வந்திருக்கிறான். கையைக் காட்டு என்று அவர் கத்தினார். கத்துகிறவர் கோபமாக இருக்கிறார், இன்னும் பணிய வேண்டும் என்று வேலு இறுகக் கட்டிக்கொண்டான். அவர் துப்பாக்கியை உருவினார். கூட வந்த இன்னொருவர் பின்னாலிருந்து பாய்ந்து இவனைத் தரையில் சாய்த்தார். வலது தோள்பட்டை முறிந்தது.

வழிப்போக்கர் யாரோ எடுத்த வீடியோ மறுநாள் டிவிக்கு வந்தது. ஒரு சேனலில் அவன் கட்டளைக்குப் பணியாத வெளிநாட்டான், இன்னொரு சேனலில் ஒடுக்கப்பட்ட அகதி. அவன் அகதியும் இல்லை, பணியாதவனும் இல்லை. அளவுக்கு மீறிப் பணிந்தவன். இவ்வளவு சின்ன உண்மையைச் சொல்ல இரண்டு சேனலுக்கும் ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. தேர்தல் சமயம் வேறு. ஒரு கட்சிக்காரர் அவனைக் காட்டி எல்லையை மூட வேண்டும் என்றார். எதிர்க்கட்சிக்காரர் அவன் படத்தைத் தட்டியில் ஒட்டிக் கூட்டம் போட்டார், பெயரைத் தப்பாக அச்சடித்து. ஓட்டு எண்ணி முடிந்த பிறகு இருவருமே போன் எடுக்கவில்லை. காவல்துறை தன்னைத் தானே விசாரித்து, விதிப்படிதான் நடந்தது என்று முடித்துக்கொண்டது.

இதையெல்லாம் திட்டி எழுதுவது எனக்குச் சுலபம். என் பங்கை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. ஒரு செய்தியாளர் மைக்கோடு என் வீட்டுக்கு வந்தார். சிரித்த முகம். கைகட்டுவது எங்கள் வழக்கம் என்று நான் எழுந்து கட்டியே காட்டினேன். தலையாட்டிக் கேட்டார். எழுந்து போகும்போது, சும்மா கேட்பது போல, "உங்கள் தம்பிக்குச் சொந்த நாட்டில் போலீஸோடு ஏதாவது பிரச்சினை உண்டா?" என்றார். "எங்கள் ஊரில் போலீஸோடு பிரச்சினை இல்லாதவர் யார்?" என்று நானும் சிரித்தேன். டிவியில் வந்தது அந்தச் சிரிப்பு மட்டும்தான். கீழே, சொந்த நாட்டிலும் பிரச்சினைக்காரர் என்கிறார் அண்ணன், என்று எழுத்து ஓடியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி வேலு அதைப் பார்த்தான். அடுத்த மாதம் ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

யாங்கோனில் செய்தித்தாளை நாங்கள் தலைகீழாக வாசித்துப் பழகியவர்கள். நம்பியதே இல்லை, அதனால் ஏமாந்ததும் இல்லை. கடல் தாண்டிப் போனதும் அந்தப் புத்தி எங்கே போனதென்று தெரியவில்லை. மைக்கில் பேசினால் நியாயம் கிடைக்கும் என்று நானாக நம்பினேன்.

ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் வேலுவின் கிரீன் கார்டு கையை விட்டுப் போய்விடும். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அவனை அழைத்துப்போக வந்தேன். பபேடானில் ஒரு டீக்கடையில் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் கோப்பையைப் பிடித்து லப்பெயே டீ குடித்தான்.

"நான் சொன்னத அந்த டிவிக்காரன் வெட்டிட்டாண்டா" என்றேன்.

"வெட்டினான், சரி. நீ சொன்னது தானேண்ணே அது?"

"வேடிக்கையா சொன்னேன்."

"நம்ம கடையில உக்காந்து சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். அவன்கிட்ட ஏண்ணே சொன்ன?"

அவனுக்காக வாங்கி வந்த பயணச்சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. "தோள் ஆறிப்போச்சு. டிவியில உம்மூஞ்சி வந்துச்சில்ல, அதான் இன்னும் ஆறல. நீ போ. ஏர்போர்ட்டுக்கு நான் வாறேன்" என்றான். எனக்கு அழுகை வந்தது. அவனுக்கும் வந்ததா என்று பார்க்கத் துணியவில்லை.

சொன்னபடி வழியனுப்ப வந்தான். கோ சோதான் ஓட்டினார். அதே சாவடியில் நிறுத்தினார்கள். என் கைகள் மறுபடி டாஷ்போர்டுக்கு ஏறின. பின் இருக்கையிலிருந்து, "கைய எறக்குண்ணே, சந்தேகப்படுவாங்க" என்றான் வேலு. பிறகு கதவைத் திறந்து கோ சோவோடு இறங்கிப் போனான். காவலர் முன்னால் கைகட்ட முயன்றான். வலது கை ஏறவில்லை. இடது கையால் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றான். காவலர் போகலாம் என்று கைகாட்டினார்.

நான் கைகளை இறக்கியிருந்தேன். அவனைப் போலக் கட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது, மறுபடி விரித்து வைக்கப் பயமாக இருந்தது. கார் கிளம்பும்வரை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் போல, மடியில் கிடந்த அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.