நாலரை மணி ஜப்பானியம்

கிருபாகரனுக்கு ஜப்பானிய மொழி தெரியுமா என்று யாராவது கேட்டால், எத்தனை மணிக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்க் கதவுக்குப் பூட்டு செய்யும் கம்பெனியில் பதினொரு வருடமாக ஒரே மெஷினில் வேலை செய்கிறோம். அவன் நைட் ஷிப்ட், நான் முதல் ஷிப்ட். தினம் காலை ஆறரைக்கு அவனிடமிருந்து மெஷினை வாங்கிக்கொள்வேன். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எங்கள் சிநேகம் முழுவதும் நடந்தது.

நைட் ஷிப்ட் அவன் கேட்டு வாங்கியதல்ல. சேர்ந்த புதிதில் மூன்று மாதத்துக்கு என்று போட்டார்கள். அப்புறம் யாரும் மாற்றவில்லை, இவனும் வாய் திறக்கவில்லை. சரியான வாயில்லாப் பூச்சி. அவன் மனைவி எழிலரசி பூந்தமல்லியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். இவன் சேக்காட்டு வீட்டுக்கு வந்து குளித்துப் படுக்கும்போது அவள் வேலைக்குக் கிளம்புவாள். அவள் திரும்பும்போது இவன் சட்டை மாட்டிக்கொண்டிருப்பான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் குடும்பம் நடத்தினார்கள்.

எங்கள் முதலாளிகள் ஜப்பான்காரர்கள். போன வருடம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஜப்பானிய மொழித் தேர்வில் தேறும் தொழிலாளிக்குத் தொடர்பாளர் பதவி, ஆபீஸில் ஏசி, சுழலும் நாற்காலி. ஆபீஸ் என்றால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிருபாகரனுக்கு நாற்காலியின் மேல் ஆசையில்லை.

"ராத்திரி அவகூட குந்திகினு சூடா சோறு துன்னணும் மாமே. வேற ஒண்ணும் வாணாம்" என்றான்.

கம்பெனியே நாகவல்லி மேடத்தை வைத்து ஆன்லைனில் வகுப்பு நடத்தியது. மாலை ஐந்து மணிக்கு. நமக்குத்தான் அது மாலை, அவன் உடம்புக்கு அப்போதுதான் கோழி கூவும். "கிருபாகரன் சார், உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது" என்று மேடம் தினம் ஒரு முறை சொல்வார். ஆனால் அதே பாடத்தைப் பதிவுசெய்து வைத்து, நைட் ஷிப்டில் மூன்று மணி டீக்குக் கேட்டால் அப்படியே பிடித்துக்கொள்வான். மறுநாள் காலை என்னிடம், எந்தப் பூட்டில் என்ன கோளாறு என்பதை ஜப்பானியத்தில் மடமடவென்று ஒப்பிப்பான். எனக்கு ஒரு எழவும் புரியாது. வீட்டுக்குப் போகிற ரயில் திருமுல்லைவாயிலைத் தாண்டுவதற்குள் அவ்வளவும் மறந்துபோகும் என்று அவனே சொல்வான்.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று அறிவித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு அபார யோசனை வந்தது. எங்கள் எஸ்டேட்டில் கல்யாணம், காது குத்து என்றால் ஷிப்ட் மாற்றிக்கொள்வது வழக்கம். ஒரு வாரம் நான் அவன் ராத்திரியை எடுத்துக்கொண்டேன், அவன் என் பகலை எடுத்துக்கொண்டான். உடம்பு பகலுக்குப் பழகிவிடும் என்று கணக்குப் போட்டோம். விளைவு? நான் நல்ல பூட்டுகளைக் கழிசல் டிரேயில் போட்டு மெமோ வாங்கினேன். அவன் தேர்வில், பெயர் என்ன என்று கேட்டதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு வந்தான்.

எங்கள் கம்பெனி மருத்துவர் பால்ராஜ் விவரம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"உடம்பு இன்னா சுவிட்சாய்யா? பதினோரு வருசப் பழக்கம், ஒரு வாரத்துல பாதிதான் திரும்பும். ரெண்டுங்கெட்டான் நேரத்துல பரீட்சை எழுதிட்டு வந்து நிக்கிறீங்க. நல்லா முழிச்சிகினு இருக்கற நேரத்துல வெக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க."

கடிதத்தை நான்தான் எழுதினேன். எனக்குக் கொஞ்சம் எழுத வரும் என்று கர்வம் உண்டு. 'அதிகாலை நாலரை மணிக்குத்தான் என் மூளை முழுத் திறனுடன் இயங்குகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதினேன். கிருபாகரன் கையெழுத்துப் போட்டான். மேனேஜர் அரவிந்தன் சிரித்துவிட்டுக் கிழித்துப்போடுவார் என்று பார்த்தால், இரண்டு முறை படித்துவிட்டு உடனே சரி என்றார். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தேர்வன்று எழிலரசி லீவு போட்டுவிட்டாள். நான் ஆறேகாலுக்கு வந்தபோது கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ராத்திரிச் சமையலுக்கு மீன் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாள். கிருபாகரன் வெளியே வந்தான்.

"இன்னாய்யா ஆச்சு, பாஸா?" என்று எழிலரசி கேட்டாள்.

"பாஸு. வேலையும் எனக்குத்தான்."

"அப்ப நாளைலேர்ந்து பகலு?"

அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். ஜப்பான் தலைமை அலுவலகத்தில் தினம் காலை எட்டு மணிக்குக் கூட்டம். அங்கே எட்டு என்றால் நமக்கு நாலரை. தொடர்பாளர் அதில் உட்கார்ந்து பேச வேண்டும். முன்னால் இருந்த இரண்டு பேர் தூக்கக் கலக்கத்தில் உளறிவிட்டு வேலையை விட்டே ஓடிப்போனார்கள். அதனால்தான் நோட்டீஸே ஒட்டியிருக்கிறார்கள். தேர்வு என்று நடந்ததுகூட அந்தக் கூட்டம்தானாம். இனி பணிநேரம் இரவு பத்து முதல் காலை ஆறரை, நிரந்தரம். சுழலும் நாற்காலி உண்டு.

என் கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது. எழிலரசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"வாயத் தொறந்து கேக்கறதுதானே, பகல்ல போடுங்கன்னு? அதுக்குத்தானே அந்தப் பாஷையக் கத்துகினே?"

"கேட்டேன் எழிலு. பதினோரு வருசமா ஊட்ல பொண்டாட்டி தனியா கீறா, பகல்ல போடுங்கன்னு அவங்க பாஷைலயே சொன்னேன். ஒரு தப்பு இல்லாம சொன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னாங்கோ?"

"அல்லாரும் எயிந்து நின்னு கை தட்னாங்கோ. இந்த நேரத்துல இவ்ளோ தெளிவா பேசற ஆளு அவங்களுக்கு இதுவரைக்கும் கெடைக்கவே இல்லியாம்."