ஓடைக்கரை ஒத்தி வீடு

பாண்டிமீனா பரவை மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிறவள். விடியுமுன்பே வேலை, பஸ் ஓடாத நேரம். அதனால் நடந்துபோகிற தூரத்தில்தான் அவளுக்கு வீடு வேண்டும். பாலத்துக்கு மேற்கே ஓடைக்கரையில் நல்லகாமனின் வீட்டை மூன்று லட்சத்துக்கு ஒத்தி பேசி முடித்துக் கொடுத்தவன் நான்தான். ஒத்திக்கு வாடகை கிடையாது. காலி செய்கிற அன்று கொடுத்த பணம் முழுசாகத் திரும்பி வந்துவிடும். அந்த மூன்று லட்சமும் லாரியில் அடிபட்டுச் செத்த அவள் புருஷனுக்காக வந்த பணம். அவளுக்கும் மகள் பவதாரிணிக்கும் வேறு ஆஸ்தி இல்லை.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இங்கிருந்து சமயநல்லூர் வரைக்கும் எந்த வீட்டையும் வாசலில் நின்றே விலை சொல்லிவிடுவேன். பிசகினது கிடையாது. அந்தக் கண்ணை வைத்துத்தான் மூன்று மாடி கட்டினேன்.

அப்போது ஓடையில் சாக்கடைதான் ஓடியது. மகளுக்கு மூச்சிரைப்பு வந்ததும், வீட்டை மாற்றுகிறேன் என்று நின்றாள் பாண்டிமீனா. நல்லகாமன் கையை விரித்தார்.

"அடுத்த ஆளு குடுத்தாத்தானம்மா ஒனக்கு நான் குடுக்க முடியும்? இந்த நாத்தத்துக்கு எவன் வாரான்?"

வருஷக்கணக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

போன வருஷம் ஓடையைத் தூர்வாரினார்கள். சாக்கடையைக் குழாயில் திருப்பி, கரைக்குக் கல் பதித்து, நடைபாதையும் போட்டார்கள். மழைத்தண்ணீர் தெளிவாக ஓடியது. மகள் இருமாமல் தூங்கினாள். அதே நேரத்தில், காலையில் நடக்க வந்தவர்கள் அந்த வரிசையில் வீடு கேட்கவும் தொடங்கினார்கள்.

"அண்ணே, இப்ப ஒத்திக்கு எம்புட்டுப் போகும்?" என்றார் நல்லகாமன்.

"ஏழு" என்றேன். அந்த வாரமே ஏழு லட்சத்துக்கு ஆள் வந்தது. அதுதான் நம்ம கணக்கு!

நல்லகாமன் அவளிடம் பணத்தை நீட்டினார். "இந்தா, ஒம் மூணு லட்சம். போறேன் போறேன்னு நின்னீல்ல?"

"நாறுச்சு, போறேன்னேன். இப்ப எதுக்குப் போகணும்?"

"அப்ப இரு. இன்னும் நாலு லட்சம் சேத்துக் குடு."

"வெங்காயத்துல கண்ணீருதாண்ணே வருது. நாலு லட்சமா வருது?"

மார்க்கெட்டைச் சுற்றி எல்லாத் தெருவும் ஓடையோடு சேர்ந்து ஏறிவிட்டது. மூன்று லட்சத்துக்கு ஓர் அறைகூட இல்லை. கொட்டாம்பட்டியில் அவள் அண்ணன் இருக்கிறான். அங்கே போனால் பிழைப்பு இல்லை.

மற்ற புரோக்கர்கள் கைவிட்ட பிறகு வீடு பிடித்துக் கொடுத்தது நான்தான். கமிஷன்கூட வாங்கவில்லை. பாலத்துக்குக் கிழக்கே, அதே ஓடைக்கரை, அதே மூன்று லட்சம். சுத்தம் செய்கிற வேலை பாலத்தோடு நின்றிருந்தது. திருப்பிவிட்ட சாக்கடையும் அங்கேதான் வந்து விழுகிறது. அதனால்தான் அந்த விலை.

சாமான்களை இறக்கியதும் பாண்டிமீனா கேட்டாள்: "அண்ணே, இங்கிட்டும் சுத்தம் பண்ண வந்துருவாகளா?"

"இப்போதைக்கு வரமாட்டாக. பயப்படாத."

"எதுக்கும் நல்லா விசாரிச்சுச் சொல்லுங்கண்ணே" என்றாள், உள்ளே மகள் இருமுவதைக் கேட்டுக்கொண்டே.