நல்லி எலும்பும் சரளை மேட்டுக் கல்லும்

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய கோடையில் விழுப்புரத்திலிருந்து ஓமந்தூர்ப் பக்கம் போனேன். ஊர் பார்க்க அல்ல, மனைவி கிரேஸை அழைத்துவர. மாமனார் வீட்டு ஈஸ்டர் விருந்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. ஜாவாத் தீவில் தோண்டி எடுத்த மண்டையோடு முழுக் குரங்கும் இல்லை, முழு மனிதனும் இல்லை, நம் மூதாதையும் அப்படித்தான் இருந்திருப்பான் என்று சொல்லிவிட்டேன். சயன்ஸ் வாத்தியாருக்கு வேறென்ன பேசத் தெரியும்? மாமனார் ஊர் சர்ச்சின் உபதேசியார். "கொரங்கு வம்சத்துக்கா பொண்ணு குடுத்தேன்?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "அப்பா மனசு ஆறாம நான் வர மாட்டேன்" என்று கிரேஸும் அங்கேயே தங்கிவிட்டாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஞாயிறு காலை பாசஞ்சர் வண்டி, திண்டிவனத்துக்கு ஆறணா. அங்கிருந்து ஜட்கா. செம்மண் சரளை மேட்டில் குதிரை நின்றுவிட, வண்டிக்காரர் கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். உள்ளங்கை அகலக் கல், இரு பக்கமும் செதுக்கி, ஒரு முனை கூராக இருந்தது. மதராஸ் மியூசியத்தில் இதே மாதிரியைக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன். ஆதி மனிதனின் கைக்கோடரி. மாமனாரிடம் காட்ட ஒரு சாட்சி கிடைத்ததென்று துள்ளினேன்.

"கல்லுக்கா சார் இவ்ளோ பேஜாரு? ஜல்தி ஏறுங்க, வெயிலு ஏறிக்கினு போவுது" என்றார் வண்டிக்காரர்.

ஆராதனை முடிந்து வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். மாமனார் முகம் கொடுக்கவில்லை. நல்லி எலும்பைத் தட்டில் தட்டினார், உறிஞ்சினார், எலும்புக்குள் இருந்த மூளை வரவில்லை. பொறுமையிழந்து என் கல்லை எடுத்து, எலும்பை வாசற்படியில் வைத்து ஒரே போடு போட்டார். இரண்டாகப் பிளந்தது. ருசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

"கைக்கு வாட்டமா கீது. யாரு செதுக்கனது?"

"ஈஸ்டர்ல சொன்னேனே மாமா, அந்த வம்சந்தான். இதே மாதிரி எலும்ப ஒடைச்சுத் தின்னவங்க."

கிரேஸ் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவர் தட்டையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பேச்ச அப்புறம் பாத்துக்கலாம். கிரேஸு, மாப்ளைக்கு ஒரு நல்லி போடு. சாயங்கால வண்டிக்குக் கெளம்பு." பிறகு என்னிடம், "கல்லு இங்கயே இருக்கட்டுங்க" என்றார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை வண்டியில் போங்கள், வெயில் கடுமை. சரளை மேட்டில் ஜட்காவை நிறுத்திக் காலடியைப் பாருங்கள். நல்ல கல் கிடைத்தால் மியூசியத்துக்குக் கொடுங்கள். கறி வைக்கிற நாளில் மட்டும் மாமனார் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், திரும்பி வராது.