அண்ணன் கூட்டிவந்த வக்கீல்

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மனை பார்த்திருந்தோம். புரோக்கரே ஒரு வக்கீலையும் கூட்டிவந்தார். "விக்கிறவருக்கும் இவர்தாங்க பாக்குறாரு. உங்களுக்கும் இவரே பாத்துடுவாரு" என்றார். எங்கள் பக்கம் அப்படித்தான் வழக்கம். ஆனால் அந்த வக்கீல் புரோக்கர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி, முன்பின் தெரியாத ஒரு வக்கீலம்மாவிடம், புரோக்கர் கொடுத்திருந்த பத்திர நகலைக் காட்டினேன். "இது விக்கிறவரோட அப்பா சொத்து. கூடப் பொறந்த பொண்ணுங்க இருந்தா அவங்களும் கையெழுத்து போடணும்" என்றார். ஃபீஸை ஏற்றத்தான் இழுக்கிறாரோ என்று அவரையும் சந்தேகப்பட்டேன்.

புரோக்கரைக் கேட்டேன். "ஒரு தங்கச்சி இருக்குது. அதுக்குத்தான் நகை போட்டு கட்டிக் குடுத்துட்டாங்களே, அப்புறம் இன்னா பங்கு?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நம்பாமல், கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தங்கச்சி வீட்டுக்கே போனேன். மனை விலைக்கு வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. "எனக்கும் அதுல பங்கு இருக்குதாக்கா?" என்று கேட்டாள்.

ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிற நான், எங்கப்பா நிலத்தை அண்ணன் விற்றபோது, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து போட்டவள். அன்றைக்குப் பக்கத்தில் நின்ற வக்கீலும் அண்ணன் கூட்டிவந்தவர்தான்.