கட்டிலுக்குப் பெயின்ட் அடித்த கதை

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கட்டில் மொட்டை மாடி ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் வந்து விளக்கம் கேட்க மாட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்து உட்கார மாட்டார்கள், அவ்வளவுதான். வாசலில் நின்றபடியே பேசிவிட்டு, புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு போய்விடுவார்கள். நானும் சில வீடுகளில் அப்படி நின்று பேசிவிட்டு வந்தவன். அதனால் எங்கள் வீட்டிலேயே மூட்டைப்பூச்சி என்று தெரிந்த காலையில் கடியைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. மொட்டை மாடியைப் பற்றித்தான் வந்தது.

கண்டுபிடித்தது என் மனைவி. கல்யாணமாகிப் போன மகளின் அறையைச் சுத்தம் செய்யப் போனவள், மெத்தையின் மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே போட்டாள்.

"இன்னாங்க, இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

போனேன். செல்போன் விளக்கை மெத்தையின் தையலோரம் காட்டினாள். மிளகைத் தட்டிப் போட்டது மாதிரி கறுப்புப் புள்ளிகள். அதற்கு நடுவே ஒன்று கொழுத்துப்போய் நிதானமாக நடந்து போனது. அந்தக் கட்டிலில் மத்தியானத்தில் படுத்துத் தூங்குகிறவன் நான் ஒருவன்தான். முதுகில் இருந்த தடிப்பை வேர்க்குரு என்று நினைத்து, பவுடர் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவ்வளவு நாளும் அதற்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டவன் நான்தான் என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்துவிட்டது.

எங்கிருந்து வந்தது என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போகும்போது முதலாளி தன் அறையிலிருந்த மெத்தை வைத்த நாற்காலியை அன்பாகத் தூக்கிக் கொடுத்தார். அதைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிப் பட்டாபிராமுக்குக் கொண்டுவந்தேன். மூட்டைப்பூச்சியும் அதே வண்டியில்தான் வந்தது என்பது மனைவியின் கட்சி. அவள் தங்கை வீட்டுக் கல்யாணத்தில் மண்டபத்து மெத்தையில் படுத்துவிட்டு வந்தோமே, அதில்தான் வந்தது என்பது என் கட்சி. நாற்காலியைத் தூக்கிப் போடு என்றாள். முடியாது என்றேன். காலமெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்தவனுக்கு உட்காரக் கிடைத்த முதல் நல்ல நாற்காலி அது.

மருந்து அடிக்கிற ஆட்களைக் கூப்பிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"பூச்சி படம் போட்ட வண்டி வாசல்ல வந்து நின்னா ஆவடி வரைக்கும் தெரிஞ்சிடும். அதுவும் புள்ளத்தாச்சிப் பொண்ணு வந்து படுக்கப்போற ரூமு. மருந்து வாடையே ஆவாது."

அவள் சொன்னதில் இரண்டாவதுதான் விஷயம். எங்கள் ஒரே மகள் முதல் பிரசவத்துக்கு வரப்போகிறாள்.

அவளைக் கொடுத்திருப்பது திருநின்றவூரில். மின்சார ரயிலில் ஏறினால் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்தாற்போல ஒரு வாரம் இங்கே தங்கியதில்லை. அம்பத்தூரில் ஐடி கம்பெனி வேலை. தினமும் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போவாள். "நைனா, பட்டாபிராம் வந்துட்டேன்" என்று போன் வரும். நான் எதையாவது கேட்பதற்குள் அடுத்த ஸ்டேஷனும் போய்விடும். "இந்து காலேஜ் தாண்டிட்டேன், அப்புறம் பேசறேன்" என்பாள். உண்டானதும் வீட்டிலிருந்தே வேலை என்று ஆகி, அந்தப் போனும் நின்றுவிட்டது. ஸ்டேஷனில் ரயில் நிற்கிற சத்தம் மட்டும் நேரத்துக்கு வந்துகொண்டிருக்கும். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

வளைகாப்பு முடித்து அவளைக் கூட்டி வரவேண்டும். ஆனால் போன முறை சம்பந்தியம்மாள் ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தார். "எங்க ஊட்டாண்டையே பெரிய ஆஸ்பத்திரி கீது. இங்கயே இருந்தா இன்னா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் என் மனைவி அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த நிலையில் மூட்டைப்பூச்சி விஷயம் அவர் காதுக்குப் போனால் போதும். மகள் வரமாட்டாள். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நானாக இருந்தாலும் அனுப்ப மாட்டேன்.

ஆகவே மருந்து இல்லாமல், தெருவுக்குத் தெரியாமல், மகளுக்கும் சொல்லாமல் காரியம் நடந்தாக வேண்டும். சுடுதண்ணீரும் வெயிலும்தான் கதி.

கட்டில் என் மாமனார் வீட்டுச் சீர். வேங்கை மரம். அதைக் கழற்றுவதுதான் முதல் வேலை. ஸ்பானரைக் கையில் எடுத்ததும் எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. காலுக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் நம்பர் போட்டு, வரிசையாக மாடிக்கு ஏற்றினேன். பட்டறையில் இப்படித்தான் செய்வோம். மனைவி அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதிக்க வைத்து வாளியில் கொண்டுவந்து கொடுத்தாள். மெத்தையைக் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி வெயிலில் போட்டோம்.

எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போடுகிற சாக்கில் அவர்கள் மாடியில் நின்றார்.

"இன்னா, கட்டில வெயில்ல போட்டுக்கீறீங்க?"

என் மனைவி கொஞ்சமும் தயங்காமல், "பொண்ணு வருதுல்ல, பெயின்ட் அடிக்கப் போறோம்" என்றாள்.

"ஓகோ, பெயின்ட்டா?" என்றார் அந்த அம்மாள். போகவில்லை. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, பெயின்ட் எப்போது வரும் என்று பார்த்தபடி நின்றார்.

வேறு வழியில்லை. இறங்கிப்போய் பெயின்ட் வாங்கிவந்தேன். கடையில் எத்தனையோ நிறம் இருந்தும் என் கை பழகிய இடத்துக்கே போயிருக்கிறது. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இது இன்னா கட்டிலா, லேத்து மிஷினா?" பட்டறையில் எல்லா மிஷினுக்கும் அடிக்கிற அதே சாம்பல் பச்சை. நல்ல நிறம்தான். அழுக்கு தெரியாது.

ஒவ்வொரு துண்டின் மூட்டு வாயிலும் கொதிதண்ணீரை ஊற்றினோம். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு மனைவி சுரண்டச் சுரண்ட, குஞ்சும் முட்டையுமாக வந்து விழுந்தன. அருவருப்பாக இருந்தது. அதே சமயம் நன்றாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்? அடுத்து எது, இடது பக்கச் சட்டமா என்று நம்பரைப் பார்க்கத் திரும்பியவன் அப்படியே நின்றேன். ஒரு துண்டிலும் நம்பர் இல்லை. சாக்பீஸில் எழுதிவிட்டு அதன்மேலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். பட்டறையில் எண்ணெய்தான் ஊற்றுவோம், சுடுதண்ணீர் ஊற்றிய பழக்கம் இல்லை.

துண்டுகளைக் காயவைத்து, எதிர்வீட்டு அம்மாள் பார்க்கப் பெயின்ட் அடித்துக் கீழே இறக்கினோம். பார்வைக்கு எல்லாச் சட்டமும் ஒன்றுதான். ஆனால் அந்தக் காலத்து ஆசாரி கையால் துளை போட்டவர். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்தான் சரியாக உட்காரும். மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, கடைசியில் ஒருவிதமாக முடுக்கினேன். கட்டில் நின்றது. ஆனால் ஏறிப் படுத்துப் புரண்டால் 'கிறீச்' என்று ஒரு சத்தம். மனைவி படுத்துப் பார்த்தாள், கிறீச். நான் படுத்தேன், இன்னும் பெரிய கிறீச்.

"பூச்சி போச்சி, பூனை வந்துகீது" என்றாள்.

தினமும் விளக்கடித்துப் பார்த்தோம். கட்டிலில் ஒன்றும் இல்லை. வளைகாப்புக்குத் தேதி குறித்து மளிகை வாங்கத் தொடங்கியிருந்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் சம்பந்தியம்மாள் வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். முகம் நன்றாக இல்லை.

ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு இருந்தன. அதை விட்டுவிட்டு நேராகப் போய் என் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி என்னை முறைத்துப் பார்த்தாள். மெத்தை பாழாகிவிடும் என்று அந்த ஒன்றுக்கு மட்டும் நான் சுடுதண்ணீர் ஊற்ற விடவில்லை. "அண்ணி, ஃபேனுக்கு நேரா இங்க வந்து ஒக்காருங்க" என்று மனைவி கூப்பிட்டாள். "இருக்கட்டும் அண்ணி" என்று இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

காபி வந்தது. அவர் டம்ளரை வாங்கக் கை நீட்டியபோது நாற்காலியின் கைப்பிடித் தையலிலிருந்து ஒன்று வெளியே வந்தது. எனக்குத் தெரிந்தது, மனைவிக்குத் தெரிந்தது, சம்பந்தியம்மாளுக்கும் தெரிந்தது. அது அவர் வளையலை நோக்கி நடந்தது. எல்லாம் முடிந்தது, மகள் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை, எழுந்துகொள்ளவும் இல்லை. கீழே கிடந்த பேப்பரில் ஒரு மூலையைக் கிழித்து, அதைக் கொண்டு பூச்சியைப் பிடித்து மடித்து நசுக்கினார். வெகு நாள் பழகிய கை. பிறகு மனைவியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணி, உங்க ஊட்லயும் இது கீதா?"

அவரே தொடர்ந்தார். "எங்க ஊட்ல கட்டிலு, சோபா, ஒண்ணு பாக்கி இல்ல. எப்பிடி வந்துச்சின்னே தெரில. மருமவ கை காலெல்லாம் தடிப்பு. உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் அவ வாயக் கட்டி வச்சிக்கீறேன். சொன்னா எங்களப் பத்தி இன்னா நெனப்பீங்க? வளைகாப்ப கொஞ்சம் முன்னாடியே வச்சி, கூட்டினு போயிடறீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

முதலில் சிரித்தது என் மனைவி. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சம்பந்தியம்மாள் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு கட்டிலுக்கு ஏன் இந்த நிறம் என்று கேட்டார். அதற்கு இன்னொரு முறை சிரிப்பு. எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. என் பெண்ணை அங்கே பூச்சி கடித்துக்கொண்டிருக்க, இங்கே நான் கட்டிலுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்திருக்கிறேனே என்று ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் கிளம்பிய கையோடு நாற்காலியின் மெத்தையை நானே பிய்த்து மாடிக்குக் கொண்டுபோனேன். மனைவி சுடுதண்ணீர் வாளியோடு பின்னாலேயே ஏறிவந்தாள்.

மறுநாள் ஸ்பானர் பையோடு திருநின்றவூர் போனேன். சம்பந்தி பனியனோடு வந்து சட்டங்களைத் தாங்கிப் பிடித்தார். அவர் வீட்டுக் கட்டில்களில் சாக்பீஸைத் தொடவே இல்லை. ஒவ்வொரு துண்டிலும் கூர்முனைப் பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியால் அடித்து, புள்ளி போட்டு அடையாளம் வைத்தேன். எந்தத் தண்ணீருக்கும் அது அழியாது. கூடத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மகள் வேடிக்கை பார்த்தாள்.

"நைனா, நீ ரிட்டையர் ஆனதே இதுக்குத்தானா?"

அவள் முழங்கையில் வரிசையாகத் தடிப்புகள். "ஏம்மா என்னாண்ட சொல்லல?" என்றேன்.

"நீ மட்டும் சொன்னியா?" என்றாள். "பூச்சி கீற ஊட்லருந்து வரேன்னா அம்மா வேணாம்னு சொல்லிடுமோன்னு பயந்துகினு இருந்தேன், தெரியுமா?"

நான் போல்ட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். போல்ட் ஏற்கெனவே கழன்றுதான் இருந்தது.

வளைகாப்பு முன்கூட்டியே நடந்தது. சம்பந்தியம்மாளே மகளை ரயிலேற்றாமல் காரில் கொண்டுவந்து விட்டார். வாசலில் மனைவி ஆரத்தி எடுத்து, தெருவே அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் நான் பெட்டி, தலையணை எல்லாவற்றையும் கறுப்பு பிளாஸ்டிக்கில் போட்டுக் கட்டி மாடிக்கு ஏற்றிவிட்டேன். மகள் கட்டிவந்த பட்டுப்புடவையையும் குளியலறையிலேயே மாற்றச் சொல்லி வாங்கிக்கொண்டாள் அவள் அம்மா. எதிர்வீட்டு அம்மாள் ஆரத்தி முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். எங்கே, ரகசியம் உடைந்ததோ என்று போனேன். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, நாங்களும் கட்டிலுக்குப் பெயின்ட் அடிக்கணும். சுடுதண்ணி எவ்ளோ ஊத்துனீங்க?" என்றார். ஸ்பானர் பையைக் கொடுத்தனுப்பினேன்.

மகள் வந்து இப்போது பல வாரம் ஆகிறது. ஒரு பூச்சியும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். நான் ஹாலில், மெத்தை போன நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஸ்டேஷனில் ரயில் நின்று கிளம்பும். உள்ளே அவள் புரண்டு படுப்பாள், வளையல் சத்தத்தோடு கட்டிலும் 'கிறீச்' என்னும்.

"புள்ளத்தாச்சி தூங்க வேணாமா? அந்தச் சட்டத்தக் கொஞ்சம் மாத்திப் போட்டா இன்னா?" என்று மனைவி தினமும் கேட்கிறாள். ஸ்பானர் பை எதிர்வீட்டிலிருந்து இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்து நாளாகிறது. மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் திருநின்றவூருக்குத் திரும்பிப் போகட்டும், அப்புறம் முடுக்கிக்கொள்ளலாம்.